அந்தப் படிவத்தில் கணவருக்குக் கோடு இல்லை

(கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். முன்வரிசையில் ஆண் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொண்டது நான்தான். கருக்கலைப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அது பெண்கள் சமாச்சாரம் என்று எழுந்துபோய்விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இன்று நான் பேச வந்திருப்பது உங்களிடம்தான் தம்பிகளே.

வழக்கறிஞர் தொழிலில் இந்த விஷயம் என்னிடம் முதலில் வந்தது ஒரு கையெழுத்தின் வடிவில். என் கட்சிக்காரப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய், மீண்டும் நாள் தள்ளிப்போய் ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். கணவர் வெளியூரில் வேலை பார்ப்பவர்; குடித்துவிட்டு மாதத்தில் இரண்டு நாள் வந்து போகிறவர். "வீட்டுக்காரரைக் கூட்டி வந்து கையெழுத்துப் போடச் சொல்லும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வந்து சேர நான்கு வாரம் ஆயிற்று. ஆறாவது வாரத்தில் மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது, பத்தாவது வாரத்தில் ஆபரேஷன் தியேட்டர் வரை போனது. அந்த நான்கு வாரத்தை அவர் எப்படிக் கழித்தார் என்று என்னிடம் சொன்னதை இந்த மேடையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், கருவுற்ற பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கக் கூடாது என்கிறது. பதினெட்டு வயது நிறையாதவர் அல்லது மனநோய் உள்ளவர் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். அவ்வளவுதான். சம்மதத்துக்கென்று உள்ள சி படிவத்தை வாங்கிப் பாருங்கள். கணவர் கையெழுத்துப் போட ஒரு கோடு கூட அதில் கிடையாது. சட்டம் கேட்காத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சில சூழல்களில் இருபத்து நான்கு வாரம் வரை கலைத்துக்கொள்ளச் சட்டம் தரும் அனுமதி திருமணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்றது அதே தீர்ப்புதான்.

"பிள்ளை எனக்கும்தானே, எனக்கு உரிமையே இல்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதைக் கேட்டே ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். பஞ்சாப் - ஹரியாணா பக்கத்து வழக்கு. பிரிந்து வாழ்ந்து, சமரசமாகிச் சேர்ந்த தம்பதி. 2003இல் மனைவி கருவுற்றார், கலைத்துக்கொண்டார். தன் சம்மதம் இல்லாமல் நடந்தது என்று மனைவி மீதும், அவர் பெற்றோர், சகோதரர், மருத்துவர்கள் மீதும் 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார் கணவர். உயர் நீதிமன்றம் 2011இல் அதை ஏற்கவில்லை. மூலப்பொருளைப் போட்டால் சரக்கு வெளியே வரும் இயந்திரமல்ல பெண் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கணவரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

அந்தத் தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. ஆனாலும் அந்தக் கணவருக்கு வலித்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். வலி உண்மை. மருத்துவக் காரணம் இல்லாமலோ, கணவரின் சம்மதம் இல்லாமலோ, அவருக்குத் தெரியாமலோ மனைவி கருவைக் கலைப்பது மணவிலக்கு வழக்கில் மனக் கொடுமையாகக் கருதப்படலாம் என்று உச்ச நீதிமன்றமே 2007இல் ஒரு தீர்ப்பில் பட்டியலிட்டது. மனைவியிடம் சொல்லாமல் கணவன் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்வதையும் அதே பட்டியலில் சேர்த்தது. ஆக, பேச்சில் உங்களுக்கு இடம் உண்டு. தெரிந்துகொள்ள, கேட்க, கெஞ்ச, அழ இடம் உண்டு. பத்து மாதம் சுமக்கிற உடம்புக்கு உத்தரவு போட மட்டும் இடமில்லை. இருவர் கருத்தும் ஒத்துவராதபோது யாராவது ஒருவர் முடிவெடுத்துத்தானே ஆக வேண்டும்? இரத்தப்போக்கும் தையலும் உயிராபத்தும் யாருக்கோ, அவர்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு மனக்குறையும் உங்களுக்கு இருக்கிறது. "அவள் வேண்டாம் என்றால் நான் வாய் திறக்கக் கூடாது, வேண்டும் என்று பெற்றுக்கொண்டால் மட்டும் நான் பணம் கட்ட வேண்டுமா?" ஆம், கட்ட வேண்டும். ஜீவனாம்சம் அந்தப் பெண்ணுக்குத் தரும் பரிசு என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. அது பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 144ஆம் பிரிவு, தாய் தந்தைக்குத் திருமணம் நடந்ததா என்று பார்த்துக் குழந்தைக்குச் சோறு போடச் சொல்வதில்லை. எந்தச் சண்டையிலும் பங்கில்லாத ஓர் உயிர் அது.

என் மேசைக்கு வந்த வழக்குகளை எண்ணிப் பார்த்தால், "கலைக்காதே" என்று தடுத்த ஆண்களைவிட "கலைத்துவிடு" என்று விரட்டிய ஆண்கள்தான் அதிகம். காதலித்தபோது இருந்த வீரம் நாள் தள்ளிப்போனதும் காணாமல் போகிறது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, பாலில் கலந்து கொடுக்கத் துணிந்தவனையும் பார்த்திருக்கிறேன். பெண்ணின் சம்மதமின்றிக் கருவைக் கலைக்கச் செய்தால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பெண் சிசு என்று தெரிந்து கலைக்கச் சொல்லும் குடும்பங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்த மாலை போதாது.

உங்கள் உரிமை முழு பலத்தோடு இருக்கிற இடம் வேறு. கருத்தரிப்பதற்கு முன்பு. அங்கே யாரும் உங்களைத் தடுக்கவில்லை. நாமாகத்தான் விலகி நிற்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட மனைவியர் 37.9 சதவீதம், கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். முன்பு இப்படி இருந்ததில்லை. கருக்கலைப்புச் சட்டம் வந்த அதே 1971இன் ஜூலையில், எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் சுமார் 63,000 ஆண்கள் வாசக்டமி என்ற ஆண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கட்டாய ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கொடுமையின் பயம் நியாயமானது. ஆனால் அதன் பிறகு அரசும் குடும்பங்களும் சேர்ந்து முழுச் சுமையையும் பெண்ணின் வயிற்றுக்கு மாற்றிவிட்டன. பெண்ணுக்கு வயிற்றில் கீறல் போட வேண்டும். ஆணுக்குத் தையல்கூட இல்லாத சிறு துளை போதும், அன்றே வீட்டுக்குப் போகலாம். விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தும் வரை மூன்று மாதம் ஆணுறையும் வேண்டும். ஆண்மை குறையும் என்பது பொய். கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலைக்காகவே வேண்டும் என்று பெரியார் பேசி நூறு ஆண்டு ஆகப் போகிறது. ஆணுறை வாங்கக் கூச்சப்படுகிற நாம் உரிமை பற்றிப் பேசும்போது மட்டும் குரலை உயர்த்துகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு லாரி ஓட்டுநர் என் அலுவலகத்துக்கு வந்தார். மனைவி கலைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டார், தடுக்க வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியென்றால் நான் என்ன செய்யட்டும் ஐயா?" என்றார். கூடப் போகிறது யார் என்று கேட்டேன். மனைவியின் அக்கா என்றார். நீங்கள் ஏன் போகக் கூடாது என்று கேட்டேன்.

போயிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து வந்து சொன்னார். வராந்தாவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்; சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாராம். நர்ஸ் படிவத்தோடு வந்தபோது எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுந்து நின்றிருக்கிறார். "உங்களுக்கு ஒன்றும் இல்லை அண்ணா. உங்கள் வீட்டம்மா தண்ணீர் கேட்கிறார்கள், வெந்நீர் வாங்கி வாருங்கள்" என்றாராம் அந்த நர்ஸ். கான்டீன் கீழ்த்தளத்தில் இருந்ததாம். பிளாஸ்க் இல்லாமல் போயிருந்ததால் அருகிலிருந்த கடையில் புதிதாக ஒன்று வாங்கி, வெந்நீர் பிடித்துக்கொண்டு மேலே ஓடினேன் என்றார்.