மண் ரோட்டுல பழகின கை: பீட்டர் பிராக் பத்தி பேசினது

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்து உட்காருங்க, சீட்டு நிறைய காலியாத்தான் இருக்கு. கார் ரேஸ்னு தலைப்பு போட்டா இப்படித்தான் ஆகும்னு ஏற்பாடு பண்ணவங்ககிட்ட முன்னாடியே சொன்னேன், கேக்கல.

மெல்பர்ன்ல இருக்கிற நம்ம ஆளுங்க பாதிப்பேருக்கு பீட்டர் பிராக்ங்கிற பேரு காதுல விழுந்திருக்கும். ஆபீஸ்ல யாராவது அவரைப் பத்தி பேசினா நாமளும் சிரிச்சு தலையாட்டிட்டு சீட்டுக்கு வந்திருப்போம், யாருன்னு கேட்டிருக்க மாட்டோம். வடக்குப் பக்கம் ஹர்ஸ்ட்பிரிட்ஜ் லைன்ல கடைசி ஸ்டேஷன் இருக்கில்ல, அந்த ஊர்ப் பக்கம் வளர்ந்தவர்தான். டாண்டினாங்ல இருந்து ட்ரெயின்ல வர்றவங்க சாண்டவுன் பார்க் ஸ்டேஷன தாண்டித்தானே வர்றீங்க, அந்த சாண்டவுன் ரேஸ் ட்ராக்ல நடந்துட்டு இருந்த பெரிய லாங் ரேஸ இவரு ஒன்பது தடவை ஜெயிச்சிருக்காரு, அதுல 1975ல இருந்து 1981 வரைக்கும் தொடர்ச்சியா ஏழு வருஷம், நடுவுல ஒருத்தனுக்கும் விடல.

அதைவிடப் பெரிசு பாத்தர்ஸ்ட். நியூ சவுத் வேல்ஸ்ல ஒரு மலை, மவுண்ட் பனோரமா, அது மேல ஏறி இறங்குற ஆறு கிலோமீட்டர் சொச்சம் ரோடு, அதுல வருஷா வருஷம் அக்டோபர்ல 1000 கிலோமீட்டர் ரேஸ். பிராக் காலத்துல ஓடினது ஃபார்முலா ஒன் மாதிரி ராக்கெட் இல்ல, ஷோரூம்ல வித்த காரத்தான் பலமாக்கி ஓட்டினாங்க, டூரிங் கார்னு சொல்றது அதத்தான். அப்ப ஆஸ்திரேலியக் கார் கம்பெனி ஹோல்டன் ஒரு கட்சி, ஃபோர்டு ஒரு கட்சி, நம்ம ஊரு ரஜினி கமல் சண்டையெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அந்த பாத்தர்ஸ்டையும் பிராக் ஒன்பது தடவை ஜெயிச்சாரு, இன்னிக்கு வரைக்கும் அந்தக் கணக்க யாரும் தொடல.

இதெல்லாம் தேடினா ரெண்டு நிமிஷத்துல கிடைக்கும். நான் பேச வந்தது வேற. இந்த ஆளு தார் ரோட்டு ராஜான்னு எல்லாரும் சொல்றாங்க, என்னக் கேட்டா அவரு கை மண்ணுல பழகின கை, தார் ரோட்டுல அவரு பண்ண அத்தனை வித்தையும் அங்க இருந்து வந்ததுதான்னு சொல்லுவேன்.

1945 பிப்ரவரி 26ல பொறந்தவர். முதல் கார் ஒரு பழைய ஆஸ்டின் செவன், அதோட பாடிய கோடாலிய வெச்சு வெட்டி எடுத்துட்டு கிராமத்துப் பக்கம் ஓட்டித் திரிஞ்ச பையன். அப்புறம் கட்டாய ராணுவ சேவை, அத முடிச்சுட்டு வந்து ஒரு சின்ன ஆஸ்டின் ஏ30 கார்ல ஹோல்டனோட பெரிய சிக்ஸ் சிலிண்டர் இஞ்சின தூக்கி வெச்சாரு. எங்க வெச்சு செஞ்சாருன்னா சும்மா கிடந்த ஒரு கோழிக் கொட்டகையில! தீப்பெட்டி சைஸ் காரு, உள்ள அவ்ளோ பவர், நேரா போகவே போகாது, எப்பவும் பின்பக்கம் வழுக்கிட்டே இருக்கும். அத வெச்சுக்கிட்டு ரேஸ் ரேஸா ஜெயிச்சாரு. அப்பதான் ஹாரி ஃபர்த் கண்ணுல பட்டாரு, ஹோல்டன் டீலர் டீமோட பாஸ், நரின்னு பட்டப்பேரு வாங்கின மனுஷன், அவரு 1969ல கூப்பிட்டு பாத்தர்ஸ்ட்ல ஹோல்டனோட மோனாரோ காரக் குடுத்தாரு, முதல் தடவையே மூணாவது இடம்.

ஃபர்த் அதோட விடல. இஞ்சினுக்குள்ள கூடுதல் காத்த திணிக்கிற சூப்பர்சார்ஜர் போட்ட ஒரு ஹோல்டன் டொரானா கார ரெடி பண்ணி பிராக்க ரேலிகிராஸ்ல இறக்கினாரு. ரேலிகிராஸ்னா பாதி தாரு பாதி மண்ணு, மழை பெஞ்சா முழுக்க சேறு, சின்ன சுத்து, பக்கத்து கார்க்காரன் கிளப்புற சேறு கண்ணாடி முழுக்க அடிக்கும், எதிர்ல ஒண்ணும் தெரியாது, ஸ்டியரிங்லயும் சீட்லயும் வர்ற அதிர்வ வெச்சு கார் எங்க போகுதுன்னு புரிஞ்சுக்கணும். அதுல பழகின ஆளுக்கு 1972 பாத்தர்ஸ்ட்ல மழை கொட்டினப்ப பயமா இருந்திருக்குமா என்ன. அந்த வருஷம் ரேஸ் 500 மைல், ஒரே டிரைவர் முழுசா ஓட்டலாம்னு இருந்த கடைசி வருஷம். எதிர்ல ஆலன் மொஃபட், கனடாவுல இருந்து வந்தவரு, கையில ஃபோர்டு ஃபால்கன், எட்டு சிலிண்டர் வி8 இஞ்சின், பவர்ல பிராக்கோட சிக்ஸ் சிலிண்டர் டொரானா பக்கத்துல கூட நிக்க முடியாது. ஆனா ரோடு ஈரமா இருந்தப்ப அந்த பவரு பாரமாயிடுச்சு, குட்டி டொரானா அது பாட்டுக்கு போச்சு. அதுதான் முதல் ஜெயிப்பு.

அடுத்த வருஷம் என்ன ஆச்சு தெரியுமா, கூட ஓட்டின டக் சிவாஸ் கையில கார் இருக்கிறப்ப பெட்ரோல் தீந்துடுச்சு. டிரைவர் மட்டும்தான் தள்ளணும்னு ரூல், அந்த மனுஷன் இறங்கி டீம் ஆளுங்க பெட்ரோலோட நிக்கிற பிட்டுக்கு மூச்சு வாங்க தள்ளிட்டு வர்றாரு, டீம் ஆளுங்க கைய கட்டிட்டு நிக்கிறாங்க, தொடக் கூடாது. ரெண்டாவது இடம்தான் கிடைச்சுது, ஜெயிச்சது மொஃபட். இந்த மாதிரி ரேஸ்ல வேகத்தைவிட கார பத்திரமா கடைசி வரைக்கும் கொண்டு வர்றதுதான் பெரிய வேலைன்னு பிராக்குக்கு அப்ப நல்லாவே உறைச்சிருக்கணும்.

இப்ப 1979க்கு வர்றேன். இதுக்குத்தான் இவ்ளோ நேரம் சுத்தி வளைச்சேன்.

ஹோல்டன் அதுக்கு முந்தின வருஷக் கடைசியில கொமடோர்னு புது மாடல் இறக்கியிருந்தாங்க. ஜெர்மனி ஓப்பல் டிசைன்ல இருந்து வந்தது, இங்க சோதனை ஓட்டம் விட்டப்பவே பாடி தாங்காதுன்னு தெரிஞ்சு நிறைய இடத்துல பலப்படுத்தி வித்தாங்க. ஜனங்களுக்கு சந்தேகம், ஐரோப்பா கார் நம்ம காட்டு ரோட்டுல தாங்குமான்னு. அந்த நேரத்துல ரெப்கோ ட்ரையல்னு ஆஸ்திரேலியாவையே சுத்தி வர்ற போட்டி வந்துச்சு. ஆகஸ்ட் மாசம் மெல்பர்ன்ல கிளம்பி நாட்ட முழுசா சுத்திட்டு ரெண்டு வாரத்துல மெல்பர்னுக்கே திரும்பணும், கிட்டத்தட்ட 20,000 கிலோமீட்டர். இத மனசுல கொஞ்சம் ஓட்டிப் பாருங்க, ரெண்டு வாரத்துல 20,000ன்னா ஒரு நாளைக்கு 1400க்கு மேல, அதுவும் ஹைவேல இல்ல, பாதிக்கு மேல மண்ணும் கல்லும்.

சர்க்யூட் டிரைவருக்கு இது சுத்தமா வேற உலகம்ங்க. பாத்தர்ஸ்ட்ல அதே வளைவ ஒரே நாள்ல நூத்தி அறுபது தடவை பாப்பீங்க, பிரேக் எங்க அடிக்கணும்னு கால் தானா செய்யும். இங்க ஒரு வளைவ வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் பாப்பீங்க, அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு, கங்காரு எந்தப் பக்கம் இருந்து குதிக்கும்னு தெரியாது. வடக்க போனா புல்டஸ்ட்னு ஒண்ணு இருக்கு, முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி நைசான மண்ணு, குழிய நிரப்பி மேல சமமா படிஞ்சிருக்கும், ரோடு நல்லா இருக்குன்னு நெனச்சு உள்ள விட்டா வீல் ஒரு அடி இறங்கும், சஸ்பென்ஷன் போயிடும். அப்புறம் வரிவரியா மேடு பள்ளம் விழுந்த ரோடு, மெதுவா போனா உடம்பு ஆட்டம் கண்டுடும், வேகமா போனா மேட்டு மேலயே மிதந்து போகலாம் ஆனா பிரேக்கும் ஸ்டியரிங்கும் பாதிதான் வேலை செய்யும். எவ்ளோ வேகம்ங்கிறத எந்த புத்தகமும் சொல்லாது, கார் சொல்றத கேக்கத் தெரியணும்.

கூட ரெண்டு பேரு, மேட் பிலிப், நோயல் ரிச்சர்ட்ஸ். மூணு பேரும் ஒரே கார்ல மாத்தி மாத்தி தூங்கிக்கிட்டு. வண்டி சிக்ஸ் சிலிண்டர் கொமடோர், பெரிய வி8 கூட இல்ல. ட்ராக்ல ஓட்டுறவனுக்கு இதெல்லாம் சரிப்படுமான்னு ரேலிக்காரங்களுக்கு இளக்காரமாத்தான் இருந்திருக்கும். ஆனா மெல்பர்ன் திரும்பினப்ப முதல் இடம் பிராக், ரெண்டாவதும் மூணாவதும் கூட அதே டீமோட கொமடோர்தான். கார் தாங்குமான்னு கேட்டவங்களுக்கு அதுக்கு மேல ஒரு விளம்பரம் தேவைப்படல. தன்னோட ஜெயிப்புகள்லயே பெரிசு இதுதான்னு பிராக் நெனச்சாருன்னு சொல்லுவாங்க, எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல.

அது முடிஞ்சு ரெண்டு மாசம் கூட ஆகல, செப்டம்பர் கடைசியில பாத்தர்ஸ்ட். கூட நியூசிலாந்துக்காரர் ஜிம் ரிச்சர்ட்ஸ், கார் டொரானா ஏ9எக்ஸ். ரெண்டாவது வந்த காருக்கும் இவங்களுக்கும் ஆறு லாப், அதாவது ஆறு முழு சுத்து வித்தியாசம், ஆறு செகண்ட் இல்லங்க, ஆறு லாப். கடைசி லாப்ல யாரும் என்ன செய்வாங்க, மெதுவா கைய ஆட்டிக்கிட்டே வந்து கொடிய வாங்குவாங்க. இவரு அந்தக் கடைசி லாப்லதான் லாப் ரெக்கார்ட உடைச்சாரு! திமிருன்னு சிலர் சொல்றாங்க. இருக்கட்டும், கொஞ்சம் திமிரு இருந்திருக்கும். ஆனா 1000 கிலோமீட்டர் அடிச்சு ஓட்டின கார்ல கடைசி லாப்ல அவ்ளோ உயிர் மிச்சம் இருக்குன்னா அதுக்கு முன்னாடி எவ்ளோ பதமா ஓட்டியிருக்கணும், அத யோசிங்க. ஆகஸ்ட்ல மண்ணுல பண்ணத செப்டம்பர்ல தார்ல பண்ணாரு, அவ்ளோதான்.

அந்த வருஷக் கடைசியில ஹோல்டன் கம்பெனி ரேஸ்ல இருந்து விலகிக்கிச்சு. பிராக் டீலருங்க துணையோட டீம தானே எடுத்துக்கிட்டாரு, போர்ட் மெல்பர்ன்ல ஒரு பட்டறை போட்டு கொமடோர ஸ்பெஷலா மாத்தி வித்து அந்தக் காசுல ரேஸ் ஓட்டினாரு. 80லயும் பாத்தர்ஸ்ட், அப்புறம் லாரி பெர்கின்ஸோட சேந்து 82, 83, 84. இதுல 83 எனக்கு கொஞ்சம் உறுத்தும். அவரு கார் இஞ்சின் ஆரம்பத்துலயே போயிடுச்சு, ரூல்படி டீமோட இன்னொரு கார்ல ஏறிக்கலாம், ஏறிக்கிட்டாரு, ஜெயிச்சாரு. அந்தக் கார்ல ஓட்ட வேண்டிய ஒருத்தருக்கு ஒரு லாப் கூட கிடைக்கல, அது யாருன்னா அவரோட சொந்தத் தம்பி பில். ரூல்ல தப்பில்ல, ஆனா அன்னிக்கு வீட்டு சாப்பாட்டு மேஜை எப்படி இருந்திருக்கும்!

இப்ப சங்கடமான பகுதி. எண்பதுகளோட நடுவுல எனர்ஜி போலரைசர்னு ஒரு சின்ன பெட்டிய கொண்டு வந்தாரு. உள்ள காந்தமும் ஸ்படிகக் கல்லும், அத இஞ்சின் பக்கத்துல மாட்டினா காரோட மூலக்கூறெல்லாம் ஒழுங்காகி கார் சுகமா ஓடும்னாரு. நம்ம ஊருல விக்கிற ராசிக்கல் சமாச்சாரம்தான், ஆனா சொன்னது நாட்டுலயே நம்பர் ஒன் டிரைவர். ஹோல்டன் இஞ்சினியருங்க தலையில கை வெச்சுக்கிட்டாங்க. அவரு பின்வாங்கல, கம்பெனி ஒப்புதல் இல்லாமயே டைரக்டர்னு புது மாடல வெளியிட்டாரு, 1987 பிப்ரவரில ஹோல்டன் உறவ வெட்டிவிட்டுச்சு. கூட இருந்த ஜான் ஹார்வி மாதிரி ஆளுங்களும் விலகிட்டாங்க.

பலரு இத அவரு வாழ்க்கையில வந்த தனி கிறுக்குன்னு ஒதுக்கிடுறாங்க. நான் அப்படி பாக்கல. கோழிக் கொட்டகை காலத்துல இருந்து இந்த மனுஷனுக்கு சோறு போட்டது உடம்புல தோணுற உணர்வு. கார் நல்லா இருக்குன்னு உடம்பு சொன்னா அது சரியாத்தான் இருந்துச்சு, இருபது வருஷமா யாரும் அத தப்புன்னு நிரூபிக்கல. அப்படிப்பட்டவருகிட்ட போய் மீட்டர் வெச்சு அளந்து பாத்தோம் ஒண்ணும் மாறலன்னு சொன்னா எப்படி ஏறும்? அதுக்காக அவரு சொன்னது சரின்னு ஆயிடாது, அது சுத்த அபத்தம்தான், காசு குடுத்து வாங்கினவங்களும் இருந்தாங்க. ஆனா அந்த அபத்தம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு புரியுது.

கூத்து என்னன்னா அதே 1987லதான் ஒன்பதாவது பாத்தர்ஸ்ட். கம்பெனி ஆதரவு இல்ல, காசு இல்ல, அந்த வருஷம் அது உலக சாம்பியன்ஷிப் ரேஸ் வேற, ஐரோப்பால இருந்து ஃபோர்டு சியரா காருங்க வந்து இறங்கிடுச்சு. இவரு கார் மறுபடியும் சீக்கிரமே போச்சு, மறுபடியும் ரெண்டாவது கார்ல ஏறினாரு, டேவிட் பார்சன்ஸும் பீட்டர் மெக்லியோடும் கூட ஓட்டினாங்க. கடைசியில மழை. வழவழ டயர்லயே அந்த மலைய சுத்தி வந்தாரு பாருங்க, நாற்பத்தி ரெண்டு வயசுல, அதான் நான் சொன்ன சேத்துல பழகின கை. ரோட்டுல வந்தது மூணாவது இடம். முன்னாடி வந்த ரெண்டு சியராவும் வீல் ஆர்ச்ச, அதான் சக்கரத்துக்கு மேல இருக்கிற பாடி வளைவ, ரூல மீறி மாத்தினதா மாசக்கணக்குல விசாரணை நடந்து தகுதிநீக்கம் ஆச்சு, கோப்பை இவருக்கு வந்துச்சு.

அதுக்கப்புறம் பிஎம்டபிள்யூ ஓட்டினாரு, ஃபோர்டே ஓட்டினாரு, ஹோல்டன் ரசிகருங்களுக்கு நெஞ்சு வலியே வந்திருக்கும். 91ல திரும்ப ஹோல்டனுக்கு வந்து 97ல ரிட்டயர்டுனு அறிவிச்சாரு, நாடே அழுதுச்சு, அப்புறம் வீட்ல உக்கார முடியாம திரும்பி வந்தாரு. 2003ல பாத்தர்ஸ்ட்ல 24 மணி நேர ரேஸ ஒரு மோனாரோல நாலு பேர் டீம்ல ஜெயிச்சப்ப வயசு 58.

2006 செப்டம்பர் 8, பெர்த் பக்கத்துல டார்கா வெஸ்ட் ரேலி. பொது ரோட்ட மூடிட்டு ஓட்டுற போட்டி. கிட்ஜ்கனப் ஊர்ப் பக்கம் கார் வழுக்கி மரத்துல மோதுச்சு, பக்கத்துல இருந்தவரு பொழச்சுக்கிட்டாரு, பிராக் அங்கேயே போயிட்டாரு. மெல்பர்ன் செயின்ட் பால்ஸ் கதீட்ரல்ல அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு. அடுத்த மாசம் பாத்தர்ஸ்ட் கோப்பைக்கு அவரு பேர வெச்சாங்க, அத முதல்ல வாங்கினது அவரு கைபிடிச்சு வளத்த கிரெய்க் லவுண்ட்ஸ், ஆனா அந்த நேரத்துல லவுண்ட்ஸ் ஓட்டினது ஃபோர்டு! ஹோல்டன் கட்சிக்காரங்களும் அன்னிக்கு கை தட்டினாங்க.

நேரம் ஆயிடுச்சுன்னு கை காட்டுறாங்க. லீவுக்கு சிட்னி போறவங்க ப்ளூ மவுண்டன்ஸோட திரும்பிடாதீங்க, இன்னும் கொஞ்சம் மேற்க போனா பாத்தர்ஸ்ட், ரேஸ் இல்லாத நாள்ல அந்த மலை ரோடு சாதாரண பொது ரோடுதான், உங்க காரயே ஓட்டிப் பாக்கலாம், பக்கத்துல மியூசியமும் இருக்கு, பிராக் சிலை இருக்கு. ஆனா ஸ்பீடு லிமிட் 60, அத மறந்துடாதீங்க, அங்க போலீஸ்காரங்க இந்த ஆசையோட வர்றவங்களுக்காகவே காத்துட்டு இருப்பாங்க. சரி, டீ வந்துடுச்சு போல, கேள்வி இருந்தா அங்க வெச்சு கேளுங்க.