300 வெள்ளியில் விளம்பரம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சிறு வணிகர்களுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆகவே கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், ஈப்போ சாலை வட்டாரக் கடைகளில் விளம்பரம் என்ற தலைப்பின் கீழ் என்னென்ன செலவுகள் எழுதப்படுகின்றன என்பதைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. பதாகை அச்சடித்த கூலி, துண்டுப் பிரசுரம், தெரிந்தவர் கேட்டார் என்பதற்காக ஏதோ ஓர் ஆண்டு மலரில் கொடுத்த அரைப்பக்க வாழ்த்து ஆகியவையே அங்குப் பெரும்பாலும் இருக்கும். அந்த வாழ்த்தை நன்கொடை என்று எழுதுவதே நியாயம் என்பது என் எண்ணம். இவற்றில் எது எத்தனை பேரைக் கடைக்குள் கொண்டுவந்தது என்று கேட்டால், பதில் சொல்பவர் மிகச் சிலரே.

மாதத்துக்கு 300 வெள்ளிக்கு, அதாவது 300 ரிங்கிட்டுக்கு மேல் விளம்பரத்துக்கு ஒதுக்க முடியாதவர்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். முன்பின் அறியாதவர்களைத் தேடிப் போவதற்கு முன்பாக, ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர் உங்களை இன்னொருவருக்கு எளிதில் காட்டும்படி வழி செய்ய வேண்டும். அந்தத் தொகையில் பெரும்பகுதி அதற்கே போக வேண்டும்.

முதலில் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் எங்கள் கடை உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்று கேட்டு, அவர் போன பிறகு அந்தப் பதிலை ஒரே வரியில் குறித்து வையுங்கள். ஃபேஸ்புக்கில் பார்த்தேன் என்று அவர் பொதுவாகச் சொன்னால், யார் போட்டதைப் பார்த்தீர்கள் என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள். நீங்கள் பணம் கட்டிப் போட்ட விளம்பரம் என்று நினைத்திருப்பீர்கள். அவரோ தம் அண்ணி பகிர்ந்த படத்தைப் பார்த்து வந்திருப்பார். ஓரிரு மாதம் விடாமல் எழுதி வந்தால், எந்தச் செலவை நிறுத்தலாம் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்தே முறுக்கும் ஓமப்பொடியும் நெய்யுருண்டையும் செய்து விற்கும் பெண்மணிகளை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய பலகாரம் நாம் எல்லாரும் அறிந்த சிவப்பு மூடிப் போத்தலில் போகிறது. பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட ஒட்டுத்தாளைப் பலர் அந்த மூடியின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். தீபாவளி விருந்து வீட்டில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்: விருந்தினர் வரும் நேரத்தில் வீட்டுக்காரர் மூடிகளைக் கழற்றிச் சமையலறையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறார், மேசைக்கு வருவது போத்தல் மட்டுமே. முறுக்கைக் கடித்துப் பார்த்து இது யார் செய்தது என்று விருந்தினர் கேட்கும் அந்த நேரத்தில், செய்தவரின் எண் கண்ணில் படாத இடத்தில் கிடக்கிறது. அதே ஒட்டுத்தாளைப் போத்தலின் உடம்பில், கை வைத்துத் தூக்கும்போது மறையாத உயரத்தில் ஒட்டினால், கூடுதலாக ஒரு காசும் செலவில்லாமல் அது ஒவ்வொரு விருந்தினரின் கண்ணிலும் படும். அந்த மேசையைச் சுற்றி மலாய், சீன நண்பர்களும் அமர்ந்திருப்பார்கள் என்பதால், பலகாரத்தின் பெயர் தமிழோடு மலாயிலும் இருப்பது நல்லது. ஆனால் ஹலால் முத்திரையை நாமே போட்டுக்கொள்ளக் கூடாது. அதற்கு மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் அல்லது மாநிலச் சமய அதிகாரிகளின் சான்றிதழ் வேண்டும்.

தையற்கடை நடத்துபவர்களுக்கும் இதே வழி உண்டு. ரவிக்கையின் பின்கழுத்து உட்புறத்தில் கடைப்பெயரும் எண்ணும் நெய்த சிறு துணிப்பட்டை ஒன்றைத் தைத்துவிட்டால், துவைத்தாலும் அது போகாது. ஒரு திருமணத்தில் அந்த ரவிக்கையைப் பார்த்துத் தையற்காரர் யார் என்று ஒருவர் கேட்க, உடுத்தியிருப்பவருக்குப் பெயர் நினைவில்லாமல் போனாலும், வீட்டுக்குப் போனதும் பார்த்துச் சொல்லிவிட முடியும்.

அடுத்தது கூகுள் வரைபடம். அதில் உங்கள் வணிகத்தைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. கடை உங்களுடையதுதானா என்பதை உறுதிப்படுத்தக் காணொளி எடுத்து அனுப்பச் சொல்லலாம். அதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவே. வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த வட்டாரங்களுக்குச் சேவை தருகிறோம் என்பதை மட்டும் காட்டிக்கொள்ளலாம். பதிந்துவிட்டு மறந்துவிடுவதுதான் நம்மவர்களிடம் உள்ள குறை. தைப்பூசத்தன்று கடை மூடியிருக்க, வரைபடம் திறந்திருக்கிறது என்று காட்டினால், காஜாங்கிலிருந்து ஒருவர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். விடுமுறை நாள் நேரத்தைத் தனியாகக் குறிக்க அதில் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். மன நிறைவோடு போகும் வாடிக்கையாளரிடம் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. அதற்காகத் தள்ளுபடியோ அன்பளிப்போ கொடுப்பது கூகுளின் விதிகளுக்குப் புறம்பானது.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசமே. பொருள்களின் படங்களையும் விலைகளையும் அதிலேயே பட்டியலாக வைக்கலாம் என்பதால், விலை என்ன என்ற கேள்விக்கு நாள் முழுக்கத் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. பலருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியும். உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே பில் கொடுக்கும்போதே, எங்கள் எண்ணைப் பெயரோடு சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பழக்கம் வேண்டும். குடியிருப்பாளர் குழு, கோயில் குழு, பள்ளிப் பெற்றோர் குழு ஆகியவற்றிலிருந்து எண்களை அள்ளி எடுத்து விளம்பரம் அனுப்புவதை நான் ஏற்பதில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எனக்கு விளம்பரம் அனுப்பாதே என்று சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், காலை 6 மணிக்கு வாழ்த்துப் படத்தோடு கேட்டரிங் விலைப்பட்டியலும் வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

வணிகப் பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசிய நிறுவன ஆணையத்தில் கடைப்பெயரில் பதிவு செய்ய ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரில் என்றால் 30 வெள்ளி. பதிவு செய்வது சட்டக் கடமை என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும், கைப்பேசியில் வருடிப் பணம் செலுத்தும் டூயிட்நவ் கியூஆர் குறியீடும் வைத்துக்கொண்டால், பணம் செலுத்துபவரின் திரையில் முன்பின் தெரியாத ஒருவரின் பெயருக்குப் பதிலாக உங்கள் கடையின் பெயர் தோன்றும். இணைய மோசடிகளைப் பற்றி அன்றாடம் செய்தி படிக்கும் மக்களிடம் இது தருகிற நம்பிக்கையை எந்தப் பதாகையும் தராது.

பதாகையைப் பொறுத்தவரை, கோலாலம்பூரில் விளம்பரப் பலகைக்கும் பதாகைக்கும் மாநகர் மன்றத்தின் அனுமதி தேவை. பலகையில் தேசிய மொழியான மலாய் முதன்மையாக இருக்க வேண்டும். அனுமதியின்றி விளக்குக் கம்பத்தில் கட்டியதை அமலாக்கப் பிரிவினர் அவிழ்த்துக்கொண்டு போனால், அச்சுக்கூலி போனது போனதுதான்.

இவற்றையெல்லாம் செய்த பிறகு பணம் மிஞ்சினால், ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ கட்டண விளம்பரம் போட்டுப் பாருங்கள். நாடு முழுவதற்கும் என்று விட்டுவிடாமல், கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். முடிதிருத்தும் நிலையத்தின் விளம்பரத்தை ஜொகூர் பாருவில் ஒருவர் விரும்பியதால் கடைக்கு ஆவதொன்றுமில்லை. வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கான சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 100 வெள்ளி விளம்பரம் உங்கள் ஏட்டில் 108 வெள்ளியாகத்தான் ஏறும்.

விளம்பரத்தை நிறுத்த வேண்டிய நேரமும் உண்டு. தீபாவளிக்கு 40 போத்தல் முறுக்குத்தான் உங்கள் அடுப்பும் கையும் தாங்கும் என்றால், ஆர்டர் எடுக்கும் கடைசி நாளை முதல் விளம்பரத்திலேயே அறிவித்துவிடுங்கள். 40 நிறைந்த அன்றே கட்டண விளம்பரத்தை நிறுத்துங்கள். அதற்குப் பின் கேட்டு வருபவர்களின் பெயரை, அவர்களுடைய சம்மதத்தோடு, அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, பொங்கலுக்குப் பலகாரம் செய்யும்போது முதல் செய்தியை அவர்களுக்கே அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.