நீல் யங்: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

வணக்கம்.

கனடாவில் பிறந்து, அமெரிக்காவில் பெயர் பெற்ற ராக் பாடகர் நீல் யங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கோ ஓரிரு பாட்டும் காதில் விழுந்திருக்கும். நன்றாக இருக்கிறதே, இன்னும் என்ன பாடியிருக்கிறார் என்று தேடினால் ஒரு பட்டியல் வந்து நிற்கும். அந்தப் பட்டியல் முடிவதே இல்லை. ஸ்டுடியோ ஆல்பங்கள் மட்டும் 40-க்கு மேல். மேடைப் பதிவுகள் தனி. 1970-களில் பதிவு செய்து உள்ளே வைத்துவிட்டு, பல பத்தாண்டுகள் கழித்து வெளியிட்டவை இன்னொரு பக்கம்.

சரி, எதையாவது ஒன்றைத் தொட்டுப் பார்ப்போம் என்று நினைப்பீர்கள். கையில் அகப்படுவது அமைதியான கிதார் பாட்டாக இருக்கலாம். 1991-இல் வந்த 'ஆர்க்' ஆகவும் இருக்கலாம். அது மேடைகளில் பாட்டுக்கு முன்னும் பின்னும் கிதாரும் ஆம்ப்ளிஃபையரும் எழுப்பிய ஊளைச் சத்தங்களை ஒட்டவைத்துச் செய்த 35 நிமிடப் பதிவு. எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் முதன்முதலில் அதைக் கேட்டவர் இவர் பக்கம் மறுபடி வருவது சந்தேகம்தான். அதனால்தான் எங்கே தொடங்குவது என்பது இவர் விஷயத்தில் முக்கியமாகிறது.

யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். 1979-இல் வந்த 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்'. அதைக் கேளுங்கள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாறாமல் கேளுங்கள்.

ஏன் அது? நீல் யங்குக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அக்கூஸ்டிக் கிதாரும் மவுத் ஆர்கனும் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து பாடுகிறவர். இன்னொருவர் 'கிரேஸி ஹார்ஸ்' குழுவோடு நின்று, கறுப்பு வண்ணம் பூசிய பழைய கிப்சன் கிதாரைக் கதற வைக்கிறவர். வேறு எந்த ஆல்பத்தைச் சொன்னாலும் இந்த இருவரில் ஒருவர்தான் பெரும்பாலும் கிடைப்பார். இதில் இருவரும் பாதிக்குப் பாதி இருக்கிறார்கள். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க அமைதி, இரண்டாம் பக்கம் முழுக்க இரைச்சல். முதல் பக்கத்தின் முதல் பாட்டும் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டும் ஏறக்குறைய ஒரே பாட்டு. ராக் இசையின் ஆயுளைப் பற்றியது. எல்விஸ் பிரெஸ்லி 1977-இல் இறந்துபோனார். அதே ஆண்டில் பங்க் என்ற முரட்டு ராக் வாசித்த இளைஞர்கள் புறப்பட்டு வந்து பழைய ஆட்களை எல்லாம் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அந்த நேரத்து மனநிலைதான் பாட்டு. தொடக்கத்தில் தனியாக, தாழ்ந்த குரலில், ஒரு செய்தியைச் சொல்வது போலப் பாடுகிறார். அதே மெட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது கிதார் சுவரை இடிப்பது போல இருக்கிறது. வார்த்தைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் முதலில் வருத்தமாகக் கேட்டது இப்போது சவாலாகக் கேட்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா ஆல்பங்களும் திறந்துகொள்ளும்.

இரண்டாம் பக்கம் 'பவ்டர்ஃபிங்கர்' என்ற பாட்டோடு தொடங்கும். அப்போதுதான் 22 வயதான ஒரு பையன் பாடுகிறான். அப்பா இல்லை, சகோதரன் மலையில் வேட்டைக்குப் போயிருக்கிறான். ஆற்றில் துப்பாக்கிப் படகு ஒன்று வருகிறது. முடிவெடுக்க அவனைத் தவிர யாரும் இல்லை. பாட்டு முடிவதற்குள் அவன் இறந்துவிடுகிறான். ஆனாலும் பாடிக்கொண்டே இருக்கிறான். 1976-இல் நீல் யங் ஒரே இரவில் தனியாக உட்கார்ந்து பதிவு செய்த ஒரு தொகுப்பு, 'ஹிட்ச்ஹைக்கர்' என்ற பெயரில் 2017-இல் வந்தது. அதில் இதே பாட்டு வெறும் கிதாரோடு இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே குரலைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் இவரைப் பாதியில் விட்டுவிடுவது குரலால்தான். உச்சத்தில் போகிற, நடுங்குகிற குரல். சில இடங்களில் சுருதி விலகுகிறதோ என்றுகூடத் தோன்றும். ஒரு பாட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஒரு பக்கம் முழுவதும் கேளுங்கள். நாலாவது பாட்டுக்குள் அந்த நடுக்கம் பழகிவிடும். அதன் பிறகு அந்த நடுக்கம் இல்லாமல் யாராவது இந்தப் பாட்டுகளைப் பாடினால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

இதற்காகத்தான் வரிசை மாற்றாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். செயலிகள் பாட்டுகளைக் கலைத்துப் போடுகின்றன. இவர் பாட்டைக் கலைத்தால் பாதி போய்விடும், ஏனென்றால் ஒரு பாட்டுக்கு முன்னால் எது வருகிறது என்பதிலேயே இவர் நிறையச் சொல்கிறார். 1977-இல் வந்த 'டிகேட்' என்ற மூன்று தட்டுத் தொகுப்பைத்தான் பலர் முதலில் சிபாரிசு செய்வார்கள். அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் அவரே எழுதிய குறிப்புகள் அருமை. ஆனாலும் அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கேட்க வேண்டியது. முதலில் ஒரு முழு ஆல்பம்.

சரி, அதைக் கேட்டாயிற்று. அங்கிருந்து இரண்டு வழி பிரியும். முதல் பக்கம்தான் பிடித்தது என்றால் 1970-இன் 'ஆஃப்டர் த கோல்ட் ரஷ்', அதற்குப் பிறகு 1972-இன் 'ஹார்வெஸ்ட்'. அந்த 'ஹார்வெஸ்ட்' அமெரிக்காவில் அந்த ஆண்டு மிக அதிகம் விற்ற ஆல்பம். 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' அதில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த அவருடைய ஒரே பாட்டு. பாடகர் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நாஷ்வில் நகரத்துக்குப் போனவர், அங்கேயே ஸ்டுடியோவுக்குள் போய்ப் பதிவைத் தொடங்கினார். அதே நிகழ்ச்சிக்கு வந்திருந்த லிண்டா ரான்ஸ்டாட்டும் ஜேம்ஸ் டெய்லரும் கூடச் சேர்ந்து பாடினார்கள். அப்போது அவருக்கு முதுகில் பெரிய கோளாறு. கனமான மின் கிதாரை மாட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை. உட்கார்ந்து அக்கூஸ்டிக்தான் வாசிக்க முடிந்தது. அந்த ஆல்பத்தின் மென்மைக்கு அதுவும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த 'ஹார்வெஸ்ட்' பற்றி ஒரு கதை உண்டு. கிரஹாம் நாஷ் சொன்னது. நாஷ் இவரோடு சேர்ந்து பாடியவர், நெருங்கிய நண்பர். நீல் யங்கின் பண்ணை கலிஃபோர்னியாவில். நாஷ் அங்கே போயிருந்தபோது, புது ஆல்பத்தைக் கேட்கிறாயா என்று கூப்பிட்டிருக்கிறார். சரி, ஸ்டுடியோவுக்குள் போய் உட்காரப் போகிறோம் என்று நாஷ் நினைக்கிறார். இல்லை, படகில் ஏறு என்கிறார். பண்ணையில் ஒரு ஏரி, அதில் ஒரு துடுப்புப் படகு. யாருக்கும் கேட்காமல் தனியாகப் பேச வேண்டும் போல இருக்கிறது என்று நாஷ் எண்ணிக்கொள்கிறார். ஏரியின் நடுவுக்குத் துடுப்புப் போட்டுப் போய் நிற்கிறார்கள்.

அப்புறம்தான் விஷயம் தெரிகிறது. வீடு முழுவதும் இடது ஒலிபெருக்கி. பெரிய பண்ணைக் கொட்டகை முழுவதும் வலது ஒலிபெருக்கி. நாம் ஒரு அறையில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொள்வோம் அல்லவா, அந்த நாற்காலியின் இடத்தில் இங்கே ஒரு ஏரி. 'ஹார்வெஸ்ட்' அந்தத் தண்ணீருக்கு மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. முடிந்ததும் தயாரிப்பாளர் எலியட் மேஸர் கரைக்கு வந்து, எப்படி இருக்கிறது என்று கத்திக் கேட்கிறார். நீல் யங் படகிலிருந்து திரும்பக் கத்துகிறார்: "கொட்டகைப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூட்டு!"

பல ஆண்டுகள் கழித்து இதைப் பற்றிக் கேட்டபோது அவரே ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, ஏரியின் நடுவிலும் அவர் காது வேலை செய்துகொண்டிருந்தது என்பதுதான். ஒலி எப்படி வந்து சேர வேண்டும் என்பதில் இந்த மனிதருக்கு இருக்கும் பிடிவாதம், கரகரப்பான ஆல்பங்களிலும் அப்படியே இருக்கும். அவை அலட்சியமாகச் செய்தவை என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாம் பக்கம் பிடித்தவர்களுக்கு 1969-இன் 'எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்'. கிரேஸி ஹார்ஸோடு முதல் ஆல்பம். அதில் மூன்று முக்கியமான பாட்டுகளைக் கடும் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரே நாளில் எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். 'சினமன் கேர்ள்' பாட்டில் கிதார் தனியாவர்த்தனம் என்றால் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுவதுதான். அது போதுமானதாக இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு 1975-இன் 'ஸூமா', 1990-இன் 'ராகட் குளோரி'.

இந்த இரண்டு வழியிலும் கொஞ்சம் நடந்த பிறகுதான் மூன்றாவது இடத்துக்குப் போக வேண்டும். அவசரப்பட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது இருட்டு. 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' தன்னைச் சாலையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது, அங்கே சலித்துப்போய்ப் பள்ளத்தை நோக்கித் திரும்பினேன் என்று 'டிகேட்' குறிப்பில் எழுதுகிறார். கிரேஸி ஹார்ஸின் கிதார் கலைஞர் டேனி விட்டன் போதைப் பழக்கத்தில் வாசிக்க முடியாமல் தவித்தார். 1972 நவம்பரில் ஒத்திகையிலிருந்து அவரை நீல் யங் வீட்டுக்கு அனுப்பினார். அன்றிரவே அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு நீல் யங்கின் மேடை உதவியாளர் புரூஸ் பெரியும் போதையால் இறந்தார். அந்தத் துக்கத்தில் பிறந்தது 'டுநைட்ஸ் த நைட்'. 1973-இல் இரவு நேரங்களில் குடித்துவிட்டு வாசித்தது. குரல் உடைகிறது, மைக்கை விட்டு விலகிப் போகிறது, எதையும் திருத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் அது வெளிவராமல் கிடந்தது. 1975-இல் 'ஹோம்குரோன்' என்ற மென்மையான ஆல்பம்தான் வெளிவர இருந்தது. நண்பர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டியபோது, 'த பேண்ட்' குழுவின் ரிக் டாங்கோ இந்தக் கரடுமுரடானதைத்தான் வெளியிட வேண்டும் என்றார். அப்படியே செய்தார். 'ஹோம்குரோன்' 2020 வரை உள்ளேயே இருந்தது.

என் அளவில் 'டுநைட்ஸ் த நைட்'தான் அவர் செய்ததிலேயே பெரியது. கூடவே 1974-இன் 'ஆன் த பீச்'சும். ஆனால் மறுபடி சொல்கிறேன், இங்கே தொடங்காதீர்கள். அந்தக் குரல் நன்றாக இருந்த நாட்களை அறிந்தவருக்குத்தான் அது உடைவது வலிக்கும்.

நேரம் குறைந்துகொண்டே வருகிறது. எண்பதுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 1982 கடைசியில் வந்த 'டிரான்ஸ்' ஆல்பத்தில் குரலை இயந்திரத்துக்குள் செலுத்திப் பாடியதைப் பலர் கிறுக்கு என்றார்கள். பேச முடியாத தன் மகனோடு பேச முயன்றதுதான் அது என்று பிறகு விளக்கினார். அதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். நீ உன்னைப் போலப் பாடவில்லை என்று அவருடைய இசை நிறுவனமே 1983-இல் 33 லட்சம் டாலர் கேட்டு அவர் மேல் வழக்குப் போட்டது. மற்றபடி அந்தப் பத்தாண்டை 1989-இன் 'ஃப்ரீடம்' வரை தாண்டிவிடலாம்.

1992-இன் 'ஹார்வெஸ்ட் மூன்' கட்டாயம். அதற்கு முந்தைய சுற்றுப்பயணத்தின் இரைச்சலில் காது கெட்டுப்போய், உரத்த சத்தமே கேட்கக் கூடாது என்று செய்தது. அன்று முதுகு, இப்போது காது. 2010-இன் 'லெ நாய்ஸ்' ஒரே ஆள், பெரும்பாலும் மின் கிதார். 2012-இன் 'சைக்கடெலிக் பில்' முதல் பாட்டே 27 நிமிடம். பொறுமை இருக்கும் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. 1971 ஜனவரியில் டொராண்டோவின் மாஸி ஹாலில் தனியாகப் பாடிய பதிவு 2007-இல் வந்தது. 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' அதில் பியானோவில், வேறொரு பாட்டோடு இணைந்து வருகிறது. அந்தப் பதிவைத்தான் அப்போதே வெளியிட வேண்டும் என்று தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் வாதாடினார். நீல் யங் கேட்கவில்லை, 'ஹார்வெஸ்ட்'தான் வேண்டும் என்றார். 36 ஆண்டுகள் கழித்து, பிரிக்ஸ் ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போது புரிகிறது என்று எழுதினார். அப்போது பிரிக்ஸ் உயிரோடு இல்லை.

நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.