மோர்க்காரப் பையன் ஓடிய ஓட்டம்

எல்லோருக்கும் வணக்கம். நம்பிக்கை, நலம் என்று பெரிய தலைப்பாகக் கொடுத்துவிட்டார்கள். தத்துவம் பேச எனக்கு வராது. நான் நாகப்பட்டினத்துப் பக்கத்துக்காரன். எனக்குத் தெரிந்த வேளாங்கண்ணியைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நாகையிலிருந்து தெற்கே 12 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 வரை எங்கள் பக்கத்துச் சாலையெல்லாம் காவி உடைதான். சென்னையிலிருந்தே நடந்து வருகிறவர்கள் உண்டு. விரதமிருந்து, மொட்டை போட்டு மாதாவுக்கு நடக்கிற பலர் வீட்டுப் பூஜை அலமாரியில் முருகனும் இருப்பார். எங்கள் ஊரில் இதை யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை.

இந்தக் கோயிலுக்கு மூன்று கதைகள். மூன்றாவது, புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்த கதை; அது உங்களுக்குத் தெரியும். எனக்குப் பிடித்தவை முதல் இரண்டும்தான்.

பால் கொண்டுபோகும் பையன் குளத்தோரம் ஆலமரத்தடியில் களைத்துப் படுக்கிறான். கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து பால் கேட்கிறாள். கொடுத்துவிடுகிறான். அப்புறம் அவனுக்கு என்ன கவலை தெரியுமா? நேரமாகிவிட்டது, பாலும் குறைந்துவிட்டது, முதலாளி திட்டுவாரே என்பதுதான். அங்கே போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே குடத்தில் பால் பொங்கி வழிகிறது.

அடுத்தவன் விதவைத் தாயின் மகன். கால் ஊனம். நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்கிறான். அவனிடம் மோர் வாங்கிக் குடித்த மாதா, நாகையில் உள்ள ஒரு பணக்காரரிடம் போய் இங்கே எனக்கொரு கோயில் கட்டச் சொல் என்கிறாள். பையன் எழுந்து ஓடுகிறான். ஓடும்போதும் கால் சரியானது அவனுக்கே தெரியாதாம். சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருந்தது, அந்த நினைப்பிலேயே ஓடியிருக்கிறான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும்.

அந்தப் பணக்காரரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். மோர் விற்கிற பையன் சொன்னதை அவர் நம்பினார். முந்தின இரவு அவருக்கும் கனவு வந்திருந்ததாம். ‘போடா’ என்று அவர் விரட்டியிருந்தால் கோயில் ஏது? அவர் போட்ட ஓலைக்குடிசைதான் பின்னால் வளர்ந்து, 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் காலத்தில் பசிலிக்கா என்ற பேராலயமானது.

தனக்கு நடந்ததைச் சபையில் எழுந்து சொல்வதைக் கிறிஸ்தவர்கள் ‘சாட்சி சொல்வது’ என்பார்கள். சொல்கிறவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டுமோ, கேட்கிறவருக்கு அவ்வளவு பொறுமை வேண்டும். அதுவும் பலிக்காத வேண்டுதலைக் கேட்க இன்னும் அதிகம் வேண்டும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்தது. கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்ததை அதிசயமாகச் சொல்கிறோம். வெளியே கடற்கரையில் நின்றிருந்தவர்களும் மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே?

என் தங்கைக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல். பிழைத்தால் வெள்ளியில் உருவம் செய்து போடுகிறேன் என்று அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டார். தங்கை பிழைக்கவில்லை. குலதெய்வத்தை விட்டுவிட்டு அங்கே வேண்டினாயே என்று ஊரில் சிலர் அம்மாவின் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். மற்றவர்கள் பார்த்தும் பார்க்காதமாதிரி போனார்கள். எது மோசம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அம்மா நடைப்பயணத்தில் சேர்ந்துகொண்டார். அப்பாவுக்குக் கோபம். துணைக்கு என்னை அனுப்பினார். இரண்டாம் நாள் ராத்திரி ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் தங்கினோம். முன்பின் தெரியாத ஓர் அம்மா, “காலை நீட்டு அக்கா” என்று சொல்லித் தேங்காயெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். “என்ன வேண்டுதல்?” என்று கேட்டார். அம்மா முதல்முறையாக முழுக்கதையும் சொன்னார். சுற்றிப் படுத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். யாரும் ‘ஏன்’ என்று கேட்கவில்லை. ‘விதி’ என்றும் சொல்லவில்லை. ஒரு கிழவி மட்டும், “பிள்ளை பேர் என்ன?” என்றார்.

பேரைச் சொல்லி அம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்.

வேளாங்கண்ணியில் காணிக்கைகளை வைத்திருக்கிற அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளிக் கை, வெள்ளிக் கால், கண், தொட்டில். பக்கத்திலேயே நன்றிக் கடிதங்கள், புகைப்படங்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வரிசையாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். வேலை கிடைத்தவர், குழந்தை பிறந்தவர், கட்டி கரைந்தவர். ஒரு கடிதத்தில் மூளைக்காய்ச்சல் என்று இருந்தது. எட்டு வயதுப் பெண், பிழைத்துவிட்டாள். அதை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன். எப்படிக் கண்டுபிடித்தாரோ!

“அதையும் படிடா.”

படித்தேன். அம்மா கண்ணாடியில் கை வைத்து அந்தப் பெண்ணின் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். “நல்லா இருக்கட்டும்” என்றார். அப்புறம் அடுத்த அலமாரிக்கு நகர்ந்தோம்.