யாரும் நம்பாத வாக்குமூலம்

வணக்கம், நேயர்களே. பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் வானொலியின் ஒலியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போகும் திரைப்படம் அவர்களுக்கானது அல்ல, இந்த உரையும்தான்.

படத்தின் பெயர் 'டிரேஞ்டு'. 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆலன் ஆர்ம்ஸ்பி, ஜெஃப் கில்லன் ஆகிய இருவர் சேர்ந்து இயக்கினார்கள். செலவு ஏறத்தாழ 2 லட்சம் டாலர். அந்தக் கால ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், குளிர்காலத்தில் படம்பிடித்தார்கள். பனியையும் மொட்டை மரங்களையும் காட்டக் கலை இயக்குநருக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை அல்லவா!

கதைக்கு மூலமான குற்றம் நடந்தது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பிளெயின்ஃபீல்டு என்ற சிற்றூரில். 1957 நவம்பர் 16. மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள். ஊர் ஆண்களில் பெரும்பாலோர் துப்பாக்கியும் கையுமாகக் காட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று இரும்புக்கடை நடத்திவந்த ஒரு பெண்மணி காணாமல் போனார். கடைத் தரையில் இரத்தக் கறை. கடைசியாக எழுதப்பட்ட ரசீது, குளிரில் கார் என்ஜின் உறைந்துபோகாமல் இருக்க ஊற்றும் திரவத்துக்கானது. வாங்கியவன் எட் கீன். அவனுடைய பண்ணைவீட்டில் போலீசார் கண்டவற்றை நான் இங்கே பட்டியலிடப் போவதில்லை. இரண்டு பெண்களைக் கொன்றதையும், கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களை எடுத்துவந்ததையும் அவன் ஒப்புக்கொண்டான். 1945இல் தாய் இறந்தபின் அந்த வீட்டில் தன்னந்தனியாக இருந்தவன். தாய் புழங்கிய அறைகளை மட்டும் அப்படியே அடைத்துப் பாதுகாத்துவிட்டு, மீதி வீட்டைக் குப்பைமேடாக விட்டுவைத்திருந்தான்.

இந்த வழக்கு எத்தனை கதைகளுக்குத் தீனி போட்டிருக்கிறது என்பது திரைப்பட ரசிகர்களுக்குத் தெரியும். அங்கிருந்து நாற்பது மைலுக்குள் குடியிருந்த ராபர்ட் பிளாக் எழுதிய நாவலிலிருந்து 1960இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' பிறந்தது. 'டிரேஞ்டு' வந்த அதே 1974இல் 'டெக்சாஸ் செயின்சா மாஸக்கர்' வந்தது. 1991இல் 'சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்'. இவை கீனிடமிருந்து ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டன. ஒன்று தாயை எடுத்தது, மற்றொன்று மனிதத் தோலாலான முகமூடியை எடுத்தது. அந்த மனிதனையும் அவன் வாழ்ந்த கிராமத்தையும் எடுத்துக்கொண்டது நம் படம். ஆனாலும் டெக்சாஸ் படத்தின் இரைச்சலில் இதன் குரல் அமுங்கிப்போனது.

படத்தில் கீனுக்கு எஸ்ரா காப் என்று பெயர். நடித்தவர் ராபர்ட்ஸ் பிளாஸம். பெயர் பிடிபடவில்லையா? 'ஹோம் அலோன்' படத்தில் பனித்தெருவில் மண்வாரியோடு நடந்து சிறுவனை நடுங்கவைக்கும் அந்தப் பக்கத்துவீட்டுக் கிழவர் அவர்தான். இந்தப் படக்குழுவுக்கும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் என்ன பந்தமோ தெரியவில்லை. இயக்குநர் கில்லன் 1983இல் 'எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி' படத்தில் ஒரு பெரிய கடையில் உட்கார்ந்திருக்கும் சான்டா கிளாஸாக வந்தார். இதில் கதைசொல்லியாக நடித்த லெஸ்லி கார்ல்சன் அங்கே கிறிஸ்துமஸ் மரம் விற்றார்.

பிளாஸம் கவிதையும் எழுதியவர். எஸ்ராவை அவர் அரக்கனாக நடிக்கவில்லை. கூச்ச சுபாவம், பிறர் பேசினால் பாதி மூடிய சிரிப்பு, கண்ணுக்குக் கண் பார்க்காத பார்வை. படுக்கையில் கிடக்கும் தாய்க்குப் பட்டாணி சூப்பை ஊட்டும் காட்சி ஒன்று போதும். பெண்கள் எல்லோரும் பாவத்தின் உருவம் என்று மகனுக்குப் போதித்தபடியே அவள் சாகிறாள். இரத்தம் சூப்பில் கலக்கிறது. அவன் ஊட்டுவதை நிறுத்துவதில்லை. பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருந்தாலும் அந்த மகனை இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது.

வானொலியில் பேசுவதால் ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. கார்ல் சிட்டரரின் இசை பெரும்பாலும் ஒரே ஓர் ஆர்கன்தான். பழைய தேவாலயப் பாடல் ஒன்றின் மெட்டு திரும்பத் திரும்ப வரும். பயப்படவேண்டிய இடத்திலும் அதே மெட்டு, சோற்றுக்கு உட்காரும் இடத்திலும் அதே மெட்டு. காசில்லாததால் செய்த சிக்கனமோ என்னவோ, காதில் விழும்போது இறுதிச்சடங்கு முடியவே முடியாது என்று தோன்றும்.

இந்தப் படத்தை நான் பரிந்துரைப்பதற்கு முக்கியமான காரணம் வேறு. எஸ்ரா எதையும் மறைப்பதில்லை. காணாமல் போன பெண்ணைப் பற்றி அண்டைவீட்டார் பேசும்போது, அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள் என்கிறான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இது திரைக்கதை ஆசிரியரின் கற்பனை அல்ல. மதுக்கடை நடத்திய பெண் 1954இல் காணாமல் போனபோது கீன் அக்கம்பக்கத்தாரிடம் இப்படித்தான் சொன்னான். அசட்டுத்தனமான பேச்சு என்று எண்ணி அவர்களும் சிரித்தார்கள். சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக்கூட அவனிடம் ஒப்படைத்திருந்த ஊர் அது. 'சைக்கோ'வில் கொலைகாரன் இருப்பது ஊருக்கு வெளியே, தனித்து நிற்கும் ஒரு விடுதியில். டெக்சாஸ் படத்தில் கொலைகாரர்களுக்கு ஒரு குடும்பமே உண்டு. ஊர் நடுவில், நல்லவன் என்ற பெயரோடு ஒருவன் இப்படி இருக்க முடியும் என்பதைக் காட்ட 'டிரேஞ்டு' மட்டுமே துணிந்தது.

கதைசொல்லியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு பத்திரிகைக்காரர் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே எஸ்ராவின் அறைக்குள் நடந்து வருவார். எஸ்ராவின் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். சிலருக்கு இது நாடகத்தனமாகப் படும். எனக்கோ பொருட்காட்சியில் கூடார வாசலில் நின்று கூவுகிறவரின் நினைவு வருகிறது. உண்மையிலேயே அப்படியொரு கூடாரம் இருந்தது. 1958 மார்ச்சில், ஏலம் விடுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, கீனின் வீடு எரிந்துபோனது. அவனுடைய காரை ஒருவர் 760 டாலருக்கு ஏலம் எடுத்து, தலைக்கு 25 சென்ட் வசூலித்துக் காட்சிக்கு வைத்தார்.

நம் படமும் சில இடங்களில் அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்துவிடுகிறது. தொடக்கத்தில் எல்லாம் உண்மை என்று அடித்துச் சொல்கிறார்கள், பாதி கற்பனை. ஆவிகளோடு பேசும் விதவையின் காட்சி வேடிக்கையாக இருப்பதால் அந்தக் கற்பனையை மன்னித்துவிடலாம். கடைசிப் பகுதியில் இளம்பெண் ஒருத்தியைப் பனிக்காட்டில் விரட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கீன் கொன்ற இருவருமே ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஒருவர் மதுக்கடை, ஒருவர் இரும்புக்கடை என்று சொந்தக் காலில் நின்று தொழில் நடத்தியவர்கள். அவனுடைய தாயும் அப்படித்தான், ஒரு காலத்தில் மளிகைக்கடையை முன்னின்று நடத்தியவள். வழக்கைப் படிக்கிற யாருக்கும் முதலில் உறுத்துவது இந்த ஒற்றுமைதான். இளமையும் அழகும் இருந்தால்தான் டிக்கெட் விற்கும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். தாயைத் தேடித்தான் அவன் அந்த இரண்டு கடைகளுக்கும் போனான் என்று காட்டியிருந்தால், பனிக்காட்டு ஓட்டம் தேவைப்பட்டிருக்காது, படமும் 'சைக்கோ'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.