பாரம் எங்கே, பேரிங் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எம்டிபி என்று இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்களே, தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், அந்தச் சைக்கிள்தான். பொள்ளாச்சியில் இருந்துகொண்டு இருபது வருடங்களுக்கு மேலாக ஆனைமலைப் பக்கத்து ஏற்ற இறக்கங்களில் ஓட்டி வருகிறேன். ஓட்டிய நேரத்துக்குக் குறையாமல் கழற்றி மாட்டியும் இருக்கிறேன்.

புதிதாகச் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எத்தனை கியர் இருக்க வேண்டும்? சஸ்பென்ஷன் எந்தக் கம்பெனியுடையது நல்லது? இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். பின்சக்கரத்து ஹப்புக்குள்ளே, அதாவது சக்கரத்தின் கம்பிகள் வந்து சேரும் நடுப்பாகத்துக்குள்ளே, என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. மலையில் நம்மை நடக்க வைப்பது பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடம்தான். அதனால் இன்றைக்கு அதைப் பற்றித்தான் அதிகமாகப் பேசப் போகிறேன்.

இந்த வகைச் சைக்கிள் பிறந்த கதையே ஒரு பாகம் தாங்காமல் போன கதைதான். அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்றொரு மாவட்டம். 1970களில் அங்கே சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் வந்த பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலை மண்பாதைகளில் இறக்கி ஓட்டினார்கள். கனத்த இரும்புச் சைக்கிள், பலூன் மாதிரி டயர். பிரேக் பின் ஹப்புக்கு உள்ளேயே இருக்கும், பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும். ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாதை. மூன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். மேலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே கீழே வந்து சேர்வதற்குள் ஹப்புக்குள் இருக்கிற கிரீஸ் சூட்டில் வெந்து புகையாகப் போய்விடும். இன்னொரு தடவை ஓட்ட வேண்டுமென்றால் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தை ரீபேக். அதுவே அந்தப் பாதைக்குப் பெயராக நிலைத்துவிட்டது. 1976 அக்டோபர் 21-ம் தேதி அங்கே முதல் போட்டி நடந்தது.

அப்புறம் அவர்கள் என்ன செய்தார்கள்? கைப் பிரேக் மாட்டினார்கள், மோட்டார் சைக்கிள் பிரேக் லீவரை எடுத்து வைத்தார்கள், கியர் போட்டார்கள். உடைந்ததை மாற்றினார்கள், மாற்றியது உடைந்தால் அதையும் மாற்றினார்கள். 1977-ல் அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஜோ பிரீஸ் மலைப்பாதைக்கென்றே புது ஃபிரேம் கட்டினார். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் கடைகளுக்கு வந்தது. எது முதலில் தோற்றது, ஏன் தோற்றது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வண்டி இது. நாமும் அதே கண்ணோடுதான் பார்த்து வாங்க வேண்டும்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். 2008-ல் ஒரு ஜூலை மாதம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் என்று உங்களுக்குத் தெரியும். மேலே போய், தெரிந்தவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, ஒரு எஸ்டேட் பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சைக்கிள் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. 21 கியர், முன்னால் பளபளவென்று சஸ்பென்ஷன். ஒரு கல்லில் ஏறி இறங்கினேன், பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி ஓடியது. ஆனால் கியர் தானாக மாறுகிறது, சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிரேக் கட்டையில் உரசுகிறது. இறங்கிப் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

தள்ளிக்கொண்டே தேயிலை ஃபேக்டரிக்குப் போனேன். அங்கே ஃபிட்டர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும். சக்கரத்தைக் கழற்றினார். ஹப்புக்குள் போகிற ஆக்ஸில் இரண்டு துண்டாக இருந்தது. ஆக்ஸிலுக்கு நடுவே ஓடுகிற, கருவியில்லாமல் சக்கரத்தைக் கழற்ற வைத்திருக்கும் மெல்லிய குவிக் ரிலீஸ் கம்பிதான் அதுவரை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, பாரம் இங்கே. பேரிங் அங்கே. நடுவுல இருக்கிற இரும்பு என்ன செய்யும்?" தன் வேலை நாளெல்லாம் ரோலர்களையும் ஷாஃப்ட்டுகளையும் பார்த்தவர். சைக்கிளைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் சொன்னதைக் கொஞ்சம் விளக்குகிறேன், கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள். கையில் ஒரு குச்சி. நுனியில் ஒரு பை தொங்குகிறது. பைக்குப் பக்கத்திலேயே குச்சியைப் பிடித்தால் குச்சிக்கு ஒன்றும் ஆகாது. ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் வளையும். விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பின் பல்சக்கரக் கூட்டம் முழுவதும் ஒரே ஃப்ரீவீலாக ஹப்பின் மேல் திருகி மாட்டியிருக்கும். மிதிக்காதபோதும் சக்கரத்தை உருள விடுகிற பொறிதான் ஃப்ரீவீல். அது ஏழு பல்சக்கரத்துக்கு இடம் எடுத்துக்கொள்வதால், வலதுபக்கப் பேரிங் அதற்கு உள்பக்கமாகப் போய்விடும். ஃபிரேம் தாங்குகிற இடம் வெளியே, பேரிங் வெகுவாக உள்ளே. இடையில் பத்து மில்லிமீட்டர் கனமுள்ள ஆக்ஸில் அந்தரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு கல்லிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிர்ந்து, ஒருநாள் ஒடிகிறது. சமவெளியில் பள்ளிக்கூடம் போய் வருகிற பிள்ளைக்கு அது வருடக்கணக்கில் தாங்கும். மலையில் தாங்காது.

இதற்கு மாற்று கேசட் ஹப். ஜப்பானில் சகாய் என்ற ஊரில் 1921-ல் ஷிமானோ கம்பெனி தொடங்கியபோது முதலில் செய்த பொருளே ஃப்ரீவீல்தான். அதே கம்பெனி 1978-ல் ஃப்ரீவீல் பொறியை ஹப்போடு சேர்த்துக் கட்டி, வலதுபக்கப் பேரிங்கை வெளி ஓரத்துக்குக் கொண்டுவந்தது. பல்சக்கரக் கூட்டம் மட்டும் தனியாக அதன்மேல் சொருகியிருக்கும், அதற்குப் பெயர்தான் கேசட். பாரத்துக்குப் பக்கத்தில் பேரிங். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் ஆக்ஸிலுக்கு அதுவே உயிர்.

கடையில் நின்றுகொண்டு இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றையும் கழற்ற வேண்டாம். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பின்னால் மிகச்சிறிய பல்சக்கரத்துக்கு நடுவே, ஆக்ஸிலைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பாருங்கள். பல்சக்கரத்தோடு அந்த வளையமும் சேர்ந்து சுற்றினால் கேசட். பல்சக்கரம் மட்டும் சுற்றி, நடு வளையம் அசையாமல் நின்றால் திருகு ஃப்ரீவீல். இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கு நினைவில் வைத்துக்கொண்டால்கூட எனக்குப் போதும். இன்னொரு தடவை சொல்கிறேன்: சேர்ந்து சுற்றினால் கேசட், நின்றால் ஃப்ரீவீல்.

ஹப்புக்குள் பேரிங் இரண்டு விதம். ஒன்று கோனும் கப்பும், நடுவே தளர்வான பால்ரஸ் குண்டுகள். நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர்கள் ஓவராயில் செய்வார்களே, அந்த விதம். இரண்டாவது, சீல் செய்த பேரிங் அப்படியே உள்ளே இறங்கியிருக்கும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தளர்வான குண்டுகளை வருடத்துக்கு இரண்டு தடவை கழுவி கிரீஸ் வைக்கிறவருக்கு அது காலத்துக்கும் உழைக்கும். ஆனால் கவனிக்காமல் விட்டால் கப் குழி விழும், கப் ஹப்போடு சேர்ந்தது, ஹப்பே போச்சு. சீல் பேரிங் தேய்ந்தால் தட்டி எடுத்துவிட்டுப் புதிது இறக்கலாம். அதன்மேல் ஒரு எண் இருக்கும். பல ஹப்புகளில் 6902 என்று இருக்கும், பதினைந்து மில்லிமீட்டர் துளை, இருபத்தெட்டு வெளிவட்டம், ஏழு கனம். நம் விவசாயிகளுக்கு இது புதிதல்ல. மோட்டாருக்கு 6202, 6203 என்று எண் சொல்லித்தானே பேரிங் வாங்குகிறோம்? கோயம்புத்தூரில் பேரிங் கடையில் இந்த எண்ணையும் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சைக்கிள் கம்பெனியைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. நீடித்து உழைக்கும் பொருள் என்று நான் சொல்வது இதைத்தான். எந்தப் பேரிங்கும் தேயத்தான் செய்யும். தேயும்போது பக்கத்து ஊரில் கிடைக்க வேண்டும்.

சக்கரத்தைப் பேசிவிட்டுப் போக்ஸ் கம்பியை விட முடியாது. துருப்பிடிக்காத கம்பி, இரண்டு மில்லிமீட்டர் கனம், ஒரு சக்கரத்துக்கு 32, ஆள் கனமாக இருந்தால் 36. கம்பியின் நுனியை ரிம்மில் இறுக்குகிற நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். அலுமினிய நிப்பிள் கொஞ்சம் எடை குறையும், ஆனால் நாலு மழைக்காலம் பார்த்தபின் பெண்டு எடுக்கத் திருகினால் கையோடு ஒடிந்து வருகிறது. வாங்குமுன் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் அமுக்கிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகளில் ஒன்று விறைப்பாகவும் ஒன்று தொளதொளவென்றும் இருந்தால், வாங்கும் முன்பே ஒரு நல்ல கைவேலைக்காரரிடம் சக்கரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பெடல் சுற்றுகிற இடத்து பேரிங்குக்கும் இதே கேள்வி. ஃபிரேமில் மரை போட்டுத் திருகுகிற வகை வேண்டும். அழுத்திச் சொருகுகிற வகையில் மண்ணும் தண்ணீரும் போனால் ஒவ்வொரு மிதிக்கும் கிரீச் கிரீச் என்று சத்தம் வரும், கழற்றித் திரும்பப் போடவும் தனிக் கருவி வேண்டும்.

அடுத்தது செயின். கியர் எண்ணிக்கை ஏறினால் வண்டி உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஒன்பதோ பத்தோ இருந்தால் மலைக்குப் போதும். முன்பக்க கியர் மாற்றி, அதன் கேபிள், அதன் லீவர், மூன்றும் இல்லாத வண்டியில் கெட்டுப்போக மூன்று பாகம் குறைவு. ஷிமானோவின் க்யூஸ் வரிசை 2023-ல் வந்தது. அதில் லிங்க்கிளைட் என்று பல்லைத் தடிமனாக்கி, பழைய வகையைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று கம்பெனியே சொல்லி விற்கிறது. எடை குறைப்பதிலேயே குறியாக இருந்த தொழில் இப்படித் திரும்பியதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி.

எந்தச் செயினாக இருந்தாலும் பிள்ளைகளின் அடி ஸ்கேல் ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து ஆரம்பித்தால், புதுச் செயினில் சரியாகப் பன்னிரண்டு அங்குலத்தில் இன்னொரு பின் வரும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் கேசட்டும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செலவு பல மடங்கு. செயின் நீள்வதாகச் சொல்கிறோம், இரும்பு நீளவில்லை, உள்ளே பின்னும் அது சுற்றுகிற துளையும் தேய்கின்றன. அதனால் எண்ணெய் உள்ளே இறங்க வேண்டும், மேலே பூசி நிறுத்தினால் மண்தான் ஒட்டும்.

பிரேக். வால்பாறை இறக்கத்தில், மழையில், ரிம்மைப் பிடிக்கிற பிரேக் வேண்டாம். சேற்று மணல் ரிம்மையே அரைத்துவிடும். டிஸ்க் பிரேக், அதிலும் ஆயில் பிரேக்கில் மினரல் ஆயில் போடுகிற வகை. மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற டாட் ஆயில் ஈரத்தை இழுக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். தயவுசெய்து ஒன்றுக்கு மற்றதை ஊற்றாதீர்கள், சீல் கெட்டுப் பிரேக் முழுவதும் வீணாகும். டிஸ்க் தகட்டைப் பிடிக்கிற பேடில் ரெசின் வகை மழைச் சேற்றில் சீக்கிரம் கரையும், உலோகத்தூள் அழுத்திச் செய்த வகை நின்று பிடிக்கும். ஆனால் விலை குறைந்த டிஸ்க் தகட்டில் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள், அந்தத் தகட்டில் உலோகப் பேட் போட்டால் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். ஃபோர்க்கைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாக: கையில் இருக்கிற பணம் குறைவென்றால் சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு ஃபோர்க் வாங்கி, மிச்சத்தைச் சக்கரத்திலும் பிரேக்கிலும் போடுங்கள். நல்ல சஸ்பென்ஷன் வாங்கினால் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி ஆயில் மாற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டியூபில் மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரியே உள்ளது கேளுங்கள், எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். கருவேல முள் உள்ள பாதையில் ஓட்டுகிறவர்கள் டியூப்லெஸ் போட்டு உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கிற சீலன்ட் ஊற்றிக்கொள்ளலாம். கடைசியாக ஒன்று. பின் கியர் மாற்றியைத் தாங்குகிற சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்பார்கள். விழுந்தால் ஃபிரேம் தப்பிக்க அது வளைய வேண்டும், அப்படித்தான் செய்கிறார்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் அதன் வடிவம் மாறும், பிறகு தேடினால் கிடைக்காது. சைக்கிள் வாங்குகிற அன்றைக்கே அதே கடையில் இன்னொன்று கேட்டு வாங்கி, சீட்டுக்கு அடியில் இருக்கிற பையில் போட்டு வையுங்கள். வணக்கம்.