சிகப்பு மணி, நீல மணி: காட்டுல குலுக்கலுக்கு எவ்வளவு பங்கு?

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை காலைல தூக்கத்த விட்டுட்டு அல்சூர் வரைக்கும் வந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்: காட்டுல எந்த மர வகை பெருகுது, எது மறையுதுங்கறதுல வெறும் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு? முதல் வரிசைல உக்காந்திருக்கற தம்பி கையில ஒரு டப்பா குடுத்திருக்கேன், அதுல 20 பாசிமணி இருக்கு, 10 சிகப்பு, 10 நீலம். தம்பி, கண்ண மூடிட்டு ஒண்ண எடுத்து வெளிய போட்டுடுங்க, அது செத்துப்போன மரம். மறுபடி கண்ண மூடி இன்னொண்ண எடுங்க, அது என்ன கலரோ அதே கலர்ல ஒரு மணிய இந்தப் பையில இருந்து எடுத்து ரெண்டையும் டப்பால போடுங்க, அது அந்த மரத்தோட விதை விழுந்து வந்த கன்னு. எப்பவும் 20 தான், ஏறாது எறங்காது. அப்புறம் பக்கத்துல தள்ளி விடுங்க, கடைசி வரிசை வரைக்கும் போயிட்டு வரட்டும்.

வீட்டுல என் பொண்ணோட இத ஆடிப் பாத்தேன். முதல்ல புளியங்கொட்டையும் மஞ்சாடியும் தான் வெச்சோம், ஆனா கை பட்ட உடனே எது எதுன்னு தெரிஞ்சு போகுது, அவளுக்கு மஞ்சாடி ஜெயிக்கணும்னு ஆசை, சாகறதுக்கு புளியங்கொட்டையா தடவிப் பாத்து எடுத்துட்டே இருந்தா, பத்தே நிமிஷத்துல புளி காலி. காட்டுல அத இயற்கைத் தேர்வுன்னு சொல்லுவோம். அப்புறம் தான் ஒரே சைஸ் பாசிமணி வாங்கிட்டு வந்தேன். இப்ப யாராலயும் ஓரவஞ்சனை பண்ண முடியாது, ஆனாலும் ஆட ஆட ஒரு கலர் ஏறும், இன்னொண்ணு எறங்கும், கடைசில ஒண்ணு தொடச்சு போயிடும். ஒரு சாவு, ஒரு கன்னு, ரெண்டும் சேந்தது ஒரு குலுக்கல்னு வெச்சா, 20 மணிக்கு சராசரியா 250 குலுக்கல் பக்கம் ஆகும்னு கணக்கே போட்டுடலாம். சிகப்பு ஜெயிச்சா சிகப்புல ஒசத்தியா எதுவும் இல்ல, விழுந்தது அப்படி, அவ்வளவு தான்.

ஸ்டீஃபன் ஹப்பெல்ங்கற அமெரிக்க சூழலியல் விஞ்ஞானி 2001-ல புஸ்தகமா எழுதின நடுநிலைக் கோட்பாட்டோட உயிர்நாடி இது தான். அதுக்கு முன்னாடி பெரும்பாலும் என்ன நெனச்சாங்கன்னா, ஒவ்வொரு உயிரினத்துக்கும் தனித்தனி வேலை, தனித்தனி எடம், ஒரே எடத்துக்கு ரெண்டு பேர் வந்தா ஒருத்தர் அழிஞ்சு போவாரு, 1930-கள்ல காவுஸ்ங்கற ரஷ்ய விஞ்ஞானி கண்ணாடிக் குழாய்ல நுண்ணுயிர் வளர்த்துக் காட்டினதும் அது தான். சரி, ஆனா பனாமால பாரோ கொலராடோன்னு ஒரு தீவு, கால்வாய்க்காக ஆத்துல அணை கட்டினப்ப தண்ணி சூழ்ந்து தீவா ஆன மலை, அங்க 1980-கள் தொடக்கத்துல ஹப்பெலும் ராபின் ஃபாஸ்டரும் 50 ஹெக்டேர் அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல இருக்கற ஒவ்வொரு மரத்தையும் எண்ணினாங்க. ரெண்டு லட்சத்துக்கும் மேல தண்டு, 300 வகை மரம். எல்லாத்துக்கும் தேவை அதே வெயில், அதே தண்ணி, அதே மண்ணு, இதுல 300 வகை வேலைய எங்க போய் தேடறது?

ஹப்பெல் சொன்னது துணிச்சலான பேச்சு: மரம் எந்த வகைன்னே பாக்காதீங்க, ஒவ்வொரு தனி மரத்துக்கும் சாகற வாய்ப்பும் கன்னு விடற வாய்ப்பும் ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க, ஒண்ணு விழுந்தா தான் இன்னொண்ணுக்கு எடம், எப்பவாவது வெளிய இருந்து ஒரு விதை வரும், ரொம்ப அபூர்வமா புது இனம் ஒண்ணு பொறக்கும். இவ்வளவ வெச்சே, ஒவ்வொரு வகைலயும் எத்தனை மரம்னு கோடு போட்டா, கொஞ்சம் வகை ஏகப்பட்டதாவும், மிச்சதெல்லாம் அபூர்வமாவும் இருக்கற அந்த வளைகோடு, நிஜக் காட்டுல இருக்கற மாதிரியே கிட்டத்தட்ட வந்துடுது. எனக்கு இத முதல்ல படிச்சப்ப ராத்திரி தூக்கமே வரல.

ஆனா ஒரு கோடு பொருந்திடுச்சுன்னா காரணம் கெடைச்சுடுச்சுன்னு ஆகாது. அமேசான்ல சுமார் 39,000 கோடி மரம், 16,000 வகை இருக்கும்னு 2013-ல ஒரு மதிப்பீடு வந்துச்சு, அதுல வெறும் 227 வகை தான் பாதி மரம். ஒரு பனை வகை மட்டுமே 500 கோடி பக்கம். ஒத்த மரத்துல ஆரம்பிச்சு குலுக்கல்ல மட்டுமே 500 கோடிக்கு ஏறணும்னா கோடிக்கணக்கான தலைமுறை ஆகும், பூமிக்கே வயசு 454 கோடி வருஷம் தான், அவ்வளவு நேரம் ஏது? அந்தப் பனைக்கு ஏதோ ஒரு சாதகம் இருந்திருக்கணும்.

நம்ம பக்கமே பாருங்க. இங்க பெங்களூர் டாடா இன்ஸ்டிடியூட்ல, அதாவது இந்திய அறிவியல் கழகத்துல இருந்து சுகுமார் சார் குழு 1988-ல முதுமலைல அதே மாதிரி 50 ஹெக்டேர் அளந்தாங்க. தேக்கு, வெண்தேக்கு, கருமருதுன்னு எல்லாத்துலயும் நம்பர் தகடு, வருஷா வருஷம் போய் எது செத்துச்சு எது புதுசுன்னு பாக்கறாங்க. கிடியான்னு ஒரு மரம் ஆரம்பத்துல ஏராளமா இருந்துச்சு, யானைக்கு அதோட பட்டை ரொம்பப் பிடிக்கும், உரிச்சு ஒடிச்சு தின்னு சில வருஷத்துலயே மளமளன்னு கொறஞ்சு போச்சு. குலுக்கல் இவ்வளவு வேகமா ஓடாது. யானை கண்ண மூடிட்டு எடுக்கல, எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி தடவிப் பாத்து தான் எடுக்குது! ஆனா இது வேகம்னு எத வெச்சு சொல்றோம்? சும்மா விட்டா எவ்வளவு ஆடும்னு முதல்ல தெரிஞ்சா தானே. அதனால தான் இந்தக் கோட்பாடு தப்பாப் போற எடத்துல கூட எனக்கு வேணும்னு சொல்றேன், தராசுல முள்ளு நடுவுல நிக்குதான்னு பாத்துட்டு தானே எட போடறோம்.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். டப்பால எத்தனை மணியோ அத்தனை குலுக்கல் ஒரு தலைமுறைன்னு வெச்சுக்கோங்க, 20-க்கு பதிலா 200 மணி வெச்சீங்கன்னா ஒரு கலர் காலியாக பத்து மடங்கு தலைமுறை ஆகும். லேஅவுட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட தோப்பு சின்ன டப்பா மாதிரி, யாரும் வெட்டாம, நோய் வராம, வேலி போட்டு காப்பாத்தினாலும் ஒவ்வொரு வகையா தானா கழண்டு போயிட்டே இருக்கும். ஆனா வெளிய இருந்து எப்பவாவது ஒரு மணி வந்து விழுந்தா கதை மாறிடும், தொலைஞ்சு போன கலர் கூட திரும்ப வரும். வவ்வாலும் குயிலும் அடுத்த தோப்புல இருந்து பழம் தின்னு கொட்டைய கொண்டு வந்து போடறது அந்த ஒரு மணி தான். நடுவுல இருக்கற ரோட்டோர மரத்த வெட்டினா வெறும் நிழல் போகுதுன்னு நெனைக்காதீங்க, அந்த வழியும் போகுது.

டப்பா வந்துடுச்சா? குடுங்கம்மா. 44 பேர் குலுக்கியிருக்கீங்க... சிகப்பு 6, நீலம் 14. இன்னும் ரெண்டு சுத்து விடலாமா?